சதுர அடியும் அபிப்பிராயமும்

1

நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் டிரம்ப் டவர் என்ற கட்டடத்தின் உச்சியில், மூன்று தளங்களை அடைத்துக்கொண்டு ஒரு வீடு இருக்கிறது. பரப்பு 10,996 சதுர அடி. வீட்டுக்காரரே 1994இல் கையெழுத்திட்ட ஆவணத்தில் இந்த எண்தான் உள்ளது. ஆனால் 2012 முதல் 2016 வரையிலான அவருடைய நிதிநிலை அறிக்கைகளில், அதாவது வங்கிகள் பார்ப்பதற்கென்று தயாரான அறிக்கைகளில், அதே வீடு 30,000 சதுர அடி. இடையில் யாரும் ஒரு செங்கல்கூட எடுத்துவைத்துக் கட்டவில்லை. இந்த 30,000த்தை விலையால் பெருக்கி, 2015இலும் 2016இலும் வீட்டின் மதிப்பு 32 கோடியே 70 லட்சம் டாலர் என்று எழுதினார்கள். வீட்டுக்காரர் டொனால்ட் டிரம்ப். 2016இலும் 2024இலும் அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் 2022 செப்டம்பரில் டிரம்ப் மீதும் அவர் மகன்கள், கம்பெனிகள் மீதும் ஒரு சிவில் மோசடி வழக்குத் தொடுத்தார். சொத்து மதிப்பை ஆண்டுதோறும் ஊதிப் பெரிதாக்கிக் காட்டி, மலிவான வட்டியில் கடனும் சாதகமான இன்ஷூரன்ஸும் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வீட்டின் பரப்பைப் பற்றிக் கேட்டபோது டிரம்ப் தரப்பு வழக்கறிஞர்கள் சொன்ன பதில்தான் என்னை இதை எழுதவைக்கிறது. சதுர அடியைக் கணக்கிடுவதே அகவயமான காரியம், அளக்கிற முறையைப் பொறுத்து ஆளுக்கொரு முடிவும் அபிப்பிராயமும் வரலாம் என்று அவர்கள் எழுத்துமூலம் வாதிட்டார்கள். நீதிபதி ஆர்தர் எங்கோரான் 2023 செப்டம்பர் 26ஆம் தேதி உத்தரவில் இதை அபத்தம் என்று தள்ளினார். நல்லெண்ணத்தோடு அளக்கிறவர்களுக்குள் 10, 20 சதவீதம் வித்தியாசம் வரலாம், 200 சதவீதம் வராது என்றார்.

அகவயம். இந்தச் சொல்லை நாம் இருபது முப்பது வருஷங்களாக நம் பத்திரிகைகளில் எவ்வளவு கௌரவமாகப் புழங்கிவருகிறோம்! அது ஒரு கட்டடக் கம்பெனி முதலாளியின் வக்கீல் வாயில் போய் இறங்கியிருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

2

நம் வட்டத்தில் இந்த வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் மூன்று விதமான பதில்களைக் கேட்டேன். ஒன்று, சிரிப்பு. அந்த ஆசாமி ஒரு கோமாளி, அமெரிக்கக் கொச்சைத்தனத்தின் கேலிச்சித்திரம், இதில் பேச என்ன இருக்கிறது என்கிற சிரிப்பு. இரண்டாவது, வங்கிக்காரனும் கட்டடக்காரனும் சண்டை போட்டுக்கொண்டால் நமக்கென்ன, திருடனுக்கும் திருடனுக்கும் நடுவில் தேள் கொட்டியவன் யார் என்று விசாரிப்பதா இலக்கியவாதியின் வேலை என்கிற அலட்சியம். மூன்றாவதுதான் ஆபத்தானது. படித்தவர்கள் சொல்வது. மதிப்பு என்பதே ஒரு புனைவுதானே, பணமும் புனைவு, சொத்தும் புனைவு, எல்லாம் பார்வையைப் பொறுத்தது, டிரம்ப் இதைக் கொஞ்சம் பகிரங்கமாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான் என்கிற ஞானம்.

சிரிக்கிறவர்களுக்குப் பதில் தேவையில்லை. 2024 நவம்பரில் அமெரிக்க வாக்காளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மற்ற இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு.

நான் வங்கிக் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து நான் புழங்கும் சொல் மதிப்பீடு. சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்தப் பத்திரிகைக்காக உட்கார்ந்தாலும் அதே சொல்தான். இரண்டும் வேறு வேறு சொற்கள், எழுத்தொற்றுமை தற்செயல் என்று எண்ணிக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு வருகிறவர்களின் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார், தராசில் வைக்கிறார். பவுன் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாளைக்கு என்ன ஆகும் என்பதில் ஆளுக்கொரு ஜோசியம் சொல்லலாம். அது அபிப்பிராயம். இத்தனை கிராம் என்பது அபிப்பிராயமல்ல. மதிப்பீடு என்பது இந்த இரண்டும் சேர்ந்து பிறப்பது. முதலாவதில் அவருக்குச் சுதந்திரம் உண்டு. இரண்டாவதில் கிடையாது, தராசில் அவர் விரல் பட்டால் வேலை போய்விடும். வங்கியில் கடைநிலையில் இருப்பவனுக்குக்கூடத் தெரிந்த இந்தப் பாகுபாட்டைத்தான் நியூயார்க்கில் விலையுயர்ந்த வக்கீல்கள் அழிக்கப் பார்த்தார்கள்.

நம் இலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்று ஓர் அணி உண்டு. டிரம்ப் பெயரில் 1987இல் வெளிவந்து புகழ்பெற்ற வியாபாரப் புத்தகம் மிகைப்படுத்திப் பேசுவதை வெகுளித்தனமான ஒரு விற்பனை உத்தி என்றே பரிந்து பேசுகிறது. பேசட்டும். விற்கிறவன் தன் கத்தரிக்காயைப் புகழத்தான் செய்வான். ஆனால் எந்த அணியும் எந்த வகை எழுத்தில் வருகிறது என்று ஒன்று இருக்கிறது. மாளிகை வானை முட்டுகிறது என்று கவி சொன்னால் யாரும் ஏணி கொண்டுபோய் வைப்பதில்லை. பத்திரத்தில் எல்லை எழுதுகிறவன் அப்படி எழுதினால் பக்கத்து மனைக்காரன் நீதிமன்றத்துக்குப் போவான். நிதிநிலை அறிக்கை தன்மை நவிற்சிக்கு உரிய இடம். அங்கே உயர்வு நவிற்சியைப் புகுத்திவிட்டு, கேட்டால் அணி என்பது மோசடி. வாசகன் எந்த உடன்பாட்டில் படிக்கிறான் என்பதை எழுதுகிறவன் அறிந்தே முறிப்பது.

3

உடன்பாட்டை முறிப்பது என்றேன். வழக்கில் இதற்கு வேண்டிய உதாரணங்கள் கிடைக்கின்றன.

பார்க் அவென்யூவில் டிரம்புக்கு ஒரு கட்டடம். அதில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட 12 குடியிருப்புகள். குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது, வாடகையை இஷ்டம்போல ஏற்ற முடியாது. 2010இல் ஒரு மதிப்பீட்டாளர் இவை பன்னிரண்டும் சேர்ந்து 7,50,000 டாலர் பெறும் என்றார். அதற்குப் பின் வந்த அறிக்கையில் அவை ஏறத்தாழ 5 கோடி டாலர். கட்டுப்பாடே இல்லை என்பதுபோலக் கணக்கிட்டிருந்தார்கள். சுவருக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற ஸ்தூலமான உண்மை எண்ணிலிருந்து காணாமல் போயிற்று.

ஃப்ளோரிடாவில் மாரலாகோ. 2002இல் டிரம்ப் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். அந்த இடத்தை கிளப்பாக அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தும் உரிமையை அதில் விட்டுக்கொடுத்தார். நம் ஊர் பாஷையில் சொன்னால் சொத்தின் மேல் ஒரு வில்லங்கம். சொத்து வரி கிளப் என்ற கணக்கிலேயே வந்தது. அந்த ஊர் வரி அதிகாரி 2011 முதல் 2021 வரை அதற்குப் போட்ட மதிப்பு 1 கோடியே 80 லட்சத்துக்கும் 2 கோடியே 76 லட்சத்துக்கும் இடையில். டிரம்பின் அறிக்கைகளிலோ 42 கோடியே 65 லட்சத்திலிருந்து 61 கோடியே 20 லட்சம்வரை. எந்த வில்லங்கமும் இல்லாத தனி வீடு என்ற கணக்கில்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வரிக்கான மதிப்பைச் சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பு என்ன, வெளியில் விலை என்ன என்று அறியாதவர் நம்மில் யார்? மாரலாகோ 1.8 கோடிக்குக் கிடைத்தால் வாங்க ஆயிரம் பேர் வருவார்கள். நீதிபதி அந்தத் தொகையைக் கையாண்டதைக் கேலி செய்த ரியல் எஸ்டேட்காரர்களின் பேச்சில் விஷயம் இருக்கிறது. என் ஆட்சேபம் தொகையைப் பற்றியது அன்று. வரி கட்டும் ஜன்னலில் அந்த வில்லங்கம் இருக்கிறது, கடன் கேட்கும் ஜன்னலில் இல்லை. ஒரே ஆள், ஒரே மனை, இரண்டு ஜன்னல். பார்வைகளின் பன்மை என்று இதற்குப் பெயர் வைக்க நம் ஆள் ஒருவர் தயாராக இருப்பார் என்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் டிரம்ப் சொன்ன முக்கியமான சமாதானம், அறிக்கையோடு ஒரு பொறுப்புத்துறப்பு வாசகம் இருந்தது என்பது. எங்கள் எண்ணை நம்பாதே, நீயே சோதித்துக்கொள் என்று நாங்களே சொல்லிவிட்டோமே என்றார். நாவலின் முதல் பக்கத்தில் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று போடுகிறோம். அது சரி, நாவல் என்று அட்டையிலேயே இருக்கிறது. நிதிநிலை அறிக்கையின் முதல் பக்கத்தில் இதில் வரும் கட்டடங்கள் யாவும் கற்பனையே என்று போட்டுவிட்டு அதன்மேல் கடன் வாங்குவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

இதே நியூயார்க்கில் 1849இல் வில்லியம் தாம்சன் என்று ஒருவன் பிடிபட்டான். நன்றாக உடுத்தியவன், தெருவில் அந்நியர்களோடு பேச்சுக் கொடுப்பான், என்மேல் நம்பிக்கை வைத்து உங்கள் கடிகாரத்தை நாளைவரை கொடுப்பீர்களா என்பான். கொடுத்தார்கள். நம்பிக்கை மனிதன் என்று பத்திரிகைகள் அவனுக்குப் பெயரிட்டன. மோசடிக்காரனைக் குறிக்கும் அமெரிக்கச் சொல் அவனிடமிருந்து பிறந்தது. மெல்வில் அந்தத் தலைப்பிலேயே, முட்டாள்கள் தினத்தில் ஒரு மிஸிஸிப்பி நீராவிக் கப்பலில் நடக்கும் நாவலை எழுதி, 1857 ஏப்ரல் முதல் தேதியே வெளியிட்டார். நாவலை யாரும் சீந்தவில்லை. அமெரிக்காவைப் பற்றி அமெரிக்கா தெரிந்துகொள்ள வேண்டியது அதில் அப்போதே இருந்தது. தாம்சன் பொருளைத் திருடவில்லை, கேட்டு வாங்கினான். அவன் திருடியது நம்பிக்கையை.

4

இப்போது, திருடனுக்கும் திருடனுக்கும் நடுவில் என்கிற நண்பருக்கு. இது டிரம்பின் வாதமும்கூட: வங்கிகள் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெற்றன, யாருக்கு நஷ்டம்?

கடன் கொடுத்த முக்கியமான வங்கி டாய்ச்சே. அது ஒன்றும் பரிசுத்தமான ஸ்தாபனமல்ல. வீட்டுக்கடன் பத்திரங்களை விற்றதில் செய்த தில்லுமுல்லுக்காக 720 கோடி டாலருக்கு 2017 ஜனவரியில் அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்ட வங்கி. அதன் அதிகாரிகளே சாட்சிக் கூண்டில் ஏறி, டிரம்ப் கொடுத்த தொகைகளை நாங்களாகவே குறைத்துத்தான் எடுத்துக்கொண்டோம் என்றார்கள். அவர்களுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை.

ஆனால் வட்டி என்பது என்ன? கடன் திரும்பி வராமல் போகலாம் என்கிற அபாயத்துக்குப் போட்ட விலை. மயாமியில் டோரல் என்ற கோல்ஃப் விடுதிக்காக டிரம்ப் 2012இல் 12.5 கோடி டாலர் கடன் வாங்கினார். அதே வங்கியில் கட்டடக் கடன் பிரிவு கேட்ட வட்டி அதிகம். செல்வந்தர்களுக்கான தனிப் பிரிவு, டிரம்ப் சொந்த ஜாமீன் கொடுத்தால் மிகக் குறைந்த வட்டிக்குத் தருவதாகச் சொன்னது. சொந்த ஜாமீன் செல்லும் என்பதற்கு ஆதாரம்தான் வருஷா வருஷம் தந்த அந்த நிதிநிலை அறிக்கை. அதாவது அறிக்கை அலங்காரமல்ல. வட்டியை இறக்கிய கருவி. இப்படி நாலைந்து கடன்களில் மிச்சம் பிடித்த வட்டி 16.8 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு நிபுணர் கணக்குக் காட்டினார், நீதிபதி ஏற்றார்.

கடன் திரும்பி வந்ததே என்பவர்கள் என் மேஜைக்கு எதிரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அரை ஏக்கர் நிலத்துக்குக் கடன் கேட்டு வருகிறவர் தன் மூன்று ஏக்கர் என்று எழுதிக்கொடுத்து, ஒழுங்காகத் தவணை கட்டியும் தீர்த்தாலும், பொய் பொய்தான். கண்டுபிடித்தால் தப்ப முடியாது. அப்படி எழுதாமல் உண்மையைச் சொன்ன அடுத்த ஆள் கூடுதல் வட்டி கட்டினார் அல்லது கடன் கிடைக்காமல் திரும்பிப் போனார். நஷ்டப்பட்டவன் அவன். அவன் பெயர் எந்த வழக்கிலும் வராது, சாட்சிக் கூண்டில் ஏறமாட்டான். நியூயார்க் மாநிலம் 1956இல் இயற்றிய சட்டப்பிரிவு, ஏமாந்தவர் இன்னார், நஷ்டம் இவ்வளவு என்று காட்டாமலே தொடர்ந்து நடக்கும் வியாபார மோசடியை நிறுத்தும் அதிகாரத்தை அட்டர்னி ஜெனரலுக்குக் கொடுத்தது இந்தக் காரணத்தால்தான் என்று புரிந்துகொள்கிறேன். எல்லாரும் அளக்கிற அளவுகோல் ஒருவனுடைய சொத்தல்ல.

மூன்று மாத விசாரணைக்குப் பின் 2024 பிப்ரவரி 16 அன்று, டிரம்ப் மட்டும் 35 கோடியே 49 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வட்டியோடு அது 50 கோடியைத் தாண்டிற்று. 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகை முழுவதையும் ரத்து செய்தது, அபராதம் அளவுமீறியது, அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று. 323 பக்கங்கள். ஐந்து நீதிபதிகள், மூன்று கருத்துகள். இரண்டு பேர் மோசடி நிரூபணமாயிற்று என்றார்கள். இரண்டு பேர் மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் வழக்கே நிற்காது என்றார். வழக்கு மேலே போகட்டும் என்பதற்காகப் பின் இருவரும் முன் இருவரோடு சேர்ந்ததால், மோசடி என்ற முடிவும் தொழில் நடத்துவதன்மீதான தடைகளும் அப்போதைக்கு நிலைத்தன. இரு தரப்பும் மேலே போயின.

பார்த்தீர்களா, நீதிபதிகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை, எல்லாம் பார்வைதானே என்று மூன்றாவது நண்பர் எழுந்து நிற்பது தெரிகிறது. அவர் உட்காரலாம். தண்டனை எவ்வளவு, சட்டம் எதுவரை நீளும் என்பவற்றில் அந்த ஐவரும் மாறுபட்டார்கள். மாறுபட வேண்டிய இடம் அது. காரணங்களை 323 பக்கங்களில் பெயர் போட்டு எழுதினார்கள். இவ்விதமான மாறுபாட்டுக்குத்தான் நான் மதிப்பீடு என்று பெயர் கொடுக்கிறேன். க.நா.சு. பட்டியல் போட்டபோது காரணம் எங்கே என்று சண்டை போட்டோம். சரியான சண்டை. ஆனால் அவர் சொன்ன புத்தகத்தை யாரும் எடுத்துப் படித்து, இல்லை என்று சொல்ல முடிந்தது. பட்டியலின் கீழே அவர் பெயர் இருந்தது, பொறுப்புத்துறப்பு வாசகம் இல்லை. அதற்குப் பின் வந்த நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? நண்பரின் தொகுப்பில் தேறுகிற கவிதை பதினொன்று என்றால் முன்னுரையில் முப்பது. கேட்டால், வாசிப்பு அகவயமானது. வக்கீல்கள் வாதத்தை எங்கிருந்து கற்றார்கள் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

5

மதிப்பு பார்வையைப் பொறுத்தது என்று நம்புகிற ஆள், பிறர் பார்வையையும் அப்படி விட்டுவைப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம். இல்லை. 2005இல் டிமதி ஓ'பிரையன் என்ற பத்திரிகையாளர் டிரம்பைப் பற்றிய தன் புத்தகத்தில், விஷயம் தெரிந்தவர்களை ஆதாரம் காட்டி, அவருடைய சொத்து 15 கோடியிலிருந்து 25 கோடி டாலர்தான் இருக்கும் என்று எழுதினார். டிரம்ப் 500 கோடி டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2007இல் கொடுத்த வாக்குமூலத்தில், தன் சொத்து மதிப்பு சந்தையோடும் மனநிலையோடும், தன் சொந்த உணர்ச்சிகளோடும்கூட ஏறி இறங்கும் என்று சொன்னார். வழக்கு 2009இல் தள்ளுபடியாயிற்று, 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. என் உணர்ச்சி என் சொத்தின் அளவுகோல். உன் கணக்கு என்மேல் அவதூறு. அகவயவாதத்தின் அந்தரங்கம் இதுதான். அது எல்லாப் பார்வைகளுக்கும் இடம் தருவதில்லை. அதிகாரம் உள்ளவன் பார்வைக்குத் தருகிறது.

இதற்கு மேலும் ஒரு நிரூபணம் 2025இல் நடந்தது. ஜேம்ஸ் அரசியல்வாதி, 2018இல் டிரம்பை விடமாட்டேன் என்று மேடையில் பேசி ஓட்டு வாங்கியவர். அந்தப் பேச்சை நான் ரசிக்கவில்லை, வழக்கின்மேல் அது ஒரு கறை. டிரம்ப் இரண்டாம் முறை ஆட்சிக்கு வந்தபின், செப்டம்பரில் தன் அட்டர்னி ஜெனரலிடம் ஜேம்ஸ் உள்ளிட்டவர்கள்மேல் நடவடிக்கை எங்கே என்று பகிரங்கமாகக் கேட்டார். அக்டோபர் 9 அன்று ஜேம்ஸ் மீது குற்றச்சாட்டு வந்தது. என்ன குற்றம்? வங்கி மோசடி. வர்ஜீனியாவில் நார்ஃபோக் என்ற ஊரில் ஒரு சிறு வீடு வாங்க எடுத்த கடனில், வாடகைக்கு விடும் வீட்டை இரண்டாவது குடியிருப்பு என்று சொல்லி வட்டியில் சலுகை பெற்றாராம். கடன் லட்சத்துச் சொச்சம் டாலர். அவர் குற்றத்தை மறுத்தார். வழக்குப் போட்ட வக்கீலின் நியமனமே செல்லாது என்று நவம்பர் 24 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. டிசம்பரில் மறுபடி குற்றம் சாட்ட முயன்றபோது ஜூரிகள் இருமுறை மறுத்தார்கள்.

கவனிக்க வேண்டியது குற்றச்சாட்டின் தர்க்கம். தவணை கட்டப்பட்டதா, வங்கிக்கு நஷ்டமா என்று இப்போது யாரும் கேட்கவில்லை. மதிப்பு, பார்வை, அகவயம் எதுவும் இல்லை. நார்ஃபோக் வீட்டின் முன்னால் அளவுகோல் திடீரென்று இரும்பாகிவிட்டது. டிரம்ப் டவரில் ரப்பராக இருந்தது. எல்லாம் பார்வைதான் என்று சொல்லிச் சொல்லி அளவுகோலைக் கைவிட்டால், அது மறைந்துபோவதில்லை. யாரிடம் போலீஸும் வக்கீலும் இருக்கிறார்களோ அவர்கள் கைக்குப் போகிறது. இடதோ வலதோ, படித்த நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு புனைவைப் பற்றிப் பேசட்டும்.

அந்த 30,000 சதுர அடி பிறகு என்ன ஆயிற்று? 2017 அறிக்கையில் திருத்திவிட்டார்கள். வீட்டின் மதிப்பு 32.7 கோடியிலிருந்து 11.68 கோடியாக இறங்கிற்று. வங்கி கேட்டுத் திருத்தவில்லை. அரசு அப்போது விசாரிக்கவே தொடங்கவில்லை. ஃபோர்ப்ஸ் என்ற பத்திரிகையில் ஒருவர் பழைய ஆவணங்களைத் தேடிப் பிடித்து, பரப்பு 10,996தான் என்று அந்த ஆண்டு மே மாதம் அச்சில் போட்டார். அது பணக்காரர்களைப் பட்டியலிட்டுக் கொண்டாடும் பத்திரிகை, நம் ஜாதியல்ல. அதுகூட அளந்து பார்த்து அச்சிட்டது.